கம்பி கூடினால் பலம் கூடுமா?

எல்லோருக்கும் வணக்கம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் மேஸ்திரிகளும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே கம்பிக்கே வந்துவிடுகிறேன்.

எஃப்இ 500 என்ற வலிமை ரகத்தில், கான்கிரீட்டுக்குள் போடும் 12 மி.மீ. டிஎம்டி கம்பி ஒரு மீட்டர் எடுத்து இயந்திரத்தில் மாட்டி இழுக்கிறோம் என்று வையுங்கள். ஐந்தரை டன் வரை இழுத்தாலும் அது நீளுவது இரண்டரை மில்லிமீட்டருக்குள்தான். விட்டால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் போனால் கம்பி இளகத் தொடங்கும். உள்ளே இரும்பின் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். இனி சுமையை எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. ஆனால் அறுந்துவிடாது. நீண்டுகொண்டே போய், ஓரிடத்தில் ஒடுங்கி, அப்புறம்தான் அறும். அறுந்த இடத்தை ஒட்டி அளந்தால் குறைந்தது 12 சதவீதம் நீண்டிருக்க வேண்டும் என்கிறது கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786. இன்னும் அதிகம் நீளக்கூடிய 500டி ரகத்துக்கு 16 சதவீதம்.

கான்கிரீட் அப்படியில்லை. அழுத்தத்தில் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பில் தாங்கும். பீமில் அழுத்தும்போதும், மீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கினால் நொறுங்கிவிடும் என்றுதான் கணக்கில் எடுக்கிறோம்.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் பீம். சுமை ஏற ஏற, முதலில் அடிப்பக்கம் மயிரிழை போல வெடிப்பு விழும். அதில் பயமில்லை, இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்ளும். சுமை எல்லை மீறினால் கம்பி இளகும், வெடிப்பு அகலும், பீம் கண்ணுக்குத் தெரியத் தொய்யும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வெளியே வர நேரம் கிடைக்கும். மேலே கான்கிரீட் நொறுங்குவது கடைசியில்தான்.

இப்போது, "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று வரைபடத்தில் இல்லாத கம்பிகளை அடியில் சேர்த்துக்கொண்டே போகிறோம். பீம் தாங்கும் சுமை ஓரளவு கூடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அளவு தாண்டினால், கம்பி இளகும் முன்பே மேல்பக்கக் கான்கிரீட் நொறுங்கிவிடும். தொய்வும் பெரிதாகத் தெரியாது, அகன்ற வெடிப்பும் தெரியாது. திடீரென்று விழும். கம்பி முதலில் இளக வேண்டும் என்பதற்காகத்தான் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, பீம் கணக்குக்கு எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லை மனித உயிருக்காக எழுதப்பட்டது. தயவுசெய்து பொறியாளரைக் கேட்காமல் ஒரு கம்பிகூடச் சேர்க்காதீர்கள்.

நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தூணை ஒட்டிய இடத்தில் சாய்வாக விழும் வெடிப்பும் திடீரென்று உடைப்பதுதான். அங்கே ரிங்குகளை அதிக இடைவெளி விட்டுக் கட்டுவது பெரிய தவறு. வளைத்த கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தி மறுபடி வளைப்பதும் வேண்டாம். அது நீளக்கூடிய அளவில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடும்.

கம்பி லோடு வரும்போது சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 500 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எலாங்கேஷன், அதாவது அறும் முன் எத்தனை சதவீதம் நீண்டது என்று ஒரு கட்டம் இருக்கும். எஃப்இ 500 கம்பிக்கு அதில் 12-க்குக் கீழே இருந்தால் லோடை இறக்க விடாதீர்கள்.