கூந்தன்குளத்து நாரைக்குச் சாப்பாடு எங்கே?

[காட்சி: ஊருக்குள் வீட்டு மரங்களில் நாரைக் கூடுகள்]

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகளைத் தேடி அலைய வேண்டாம். வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். 1994-ல் அரசு இதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே ஊர் மக்கள்தான் காவல். குஞ்சுகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் இது. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகவும் போகிறது.

சரி, கூடு பத்திரம். சாப்பாடு?

[காட்சி: சிறு குளம், ஓரத்தில் நாரைகள்]

அதற்கு நாரைகள் சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பறக்கின்றன. அந்த நிலம் மாறினால், சரணாலய வேலிக்குள் நாம் என்ன செய்தும் போதாது.

குளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மஞ்சள்மூக்கு நாரை முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, பாதி திறந்த அலகால் துழாவி மீன் பிடிக்கும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். உள்ளான் ஈரச் சேற்றைக் குத்தும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். ஆழமான தண்ணீரின் மேல் நீந்தி மீனை அள்ளுவது கூழைக்கடா. குளம் சரிவாக இறங்கினால்தான் இத்தனை பேருக்கும் இடம்.

கரம்பை, அதாவது குளத்து வண்டல் மண், எடுக்கிறோம் என்று கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால்? தண்ணீர் நிற்கும், ஆனால் காலூன்ற இடமிருக்காது. நடந்து இரை தேடும் பறவை எல்லாம் போய்விடும். தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. வெட்டுகிற விதம்தான் சிக்கல்.

வயலும் அப்படித்தான். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த நெல்வயல் நத்தைகுத்தி நாரைக்கும் கொக்குக்கும் இரை தரும் ஈரநிலம். அது வாழைத்தோட்டம் ஆகும்போது தேங்கும் தண்ணீர் போய்விடுகிறது. வீட்டுமனை ஆனால் கேட்கவே வேண்டாம்.

[காட்சி: பனங்காடு]

மேட்டு நிலத்தில் பனை சாய்கிறது. பனை உழவாரன் கூடு ஒட்டுவது பனையோலையில். பனங்காடை முட்டையிடுவது பட்டுப்போன பனையின் பொந்தில். பட்ட மரம் வீண் என்று வெட்டுவது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

இதில் ஏமாற்றும் ஒன்று உண்டு. மொத்தப் பறவைகள் குறையாமலே இருக்கலாம்! காக்கையும் மைனாவும் எந்த மாற்றத்தையும் சமாளித்துப் பெருகும். குறைவது வகைகள். அதனால் என்ன என்கிறீர்களா? வெட்டுக்கிளியைக் கரிச்சானும் தின்கிறது, உண்ணிக்கொக்கும் தின்கிறது, பனங்காடையும் தின்கிறது. ஆனால் வறட்சி ஒரே மாதிரி எல்லாரையும் தாக்காது. ஒன்று குறையும் வருடத்தில் மற்றொன்று அந்த வேலையைப் பார்க்கும். நிலம் அடிபட்டும் எழுந்து நிற்பது இதனால்தான். மீள்திறன் என்பது இதைத்தான். வேலைக்கு ஒரே வகைதான் மிச்சம் என்றால், அதுவும் தவறும் வருடம் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

[காட்சி: பைனாகுலருடன் இளைஞர்கள்]

உங்கள் ஊர்க் குளத்தில் தூர்வாரும் வேலை வந்தால், ஒரு பக்கமாவது சரிவை விட்டுவைக்கச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்கள். அப்புறம், மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள் சேரலாம். எண்ணும்போது எத்தனை பறவை என்பதோடு எத்தனை வகை என்றும் எழுதி வையுங்கள்.