வென்றவர்கள் கட்டிய இழப்பீடு

அவையோருக்கு வணக்கம். கரீபியன் கடல் நாடான ஹைதியின் வறுமைக்குக் காரணம் கேட்டால் நிலநடுக்கத்தையும் உள்நாட்டுச் சண்டையையும் சொல்வார்கள். நான் ஒரு கடன் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன்.

அன்று ஹைதி பிரெஞ்சுக் காலனி. 1791 ஆகஸ்டில் அதன் கரும்புத் தோட்டங்களில் கிளர்ந்தெழுந்த அடிமைகள், 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் நெப்போலியனின் படையை முறியடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று அவர்களின் தலைவர் தெசலீன் விடுதலையை அறிவித்தார். அந்த வீரத்தைப் பலர் பேசிவிட்டார்கள்.

1825 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பதினான்கு தலைநகர்த் துறைமுகத்துக்கு வந்து நின்றன. கொண்டுவந்தது மன்னர் பத்தாம் சார்லஸின் ஆணை. தோட்டம் இழந்த பழைய முதலாளிகளுக்கு 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு, ஐந்து தவணையில். பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கம் பாதி. ஹைதி அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார். முதலாளிகள் இழந்த சொத்து என்று மதிப்பிட்டதில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம். தங்கள் உடலுக்குத் தாங்களே விலை கட்டினார்கள்.

முதல் தவணை 3 கோடிக்கே கருவூலத்தில் பணமில்லை. பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி கடன் எழுதினார்கள். அவர்கள் 60 லட்சத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, கையில் தந்தது 2 கோடி 40 லட்சம். வட்டி முழு 3 கோடிக்கும். தவணையில் 60 லட்சம் துண்டு விழுந்தது; அதற்காகக் கருவூலத்தில் இருந்ததைத் துடைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. இழப்பீடு ஒரு கடன். அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன். இதைத்தான் 'இரட்டைக் கடன்' என்கிறார்கள்.

அரசின் முதன்மை வருமானமே சுங்கம். பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அதையும் பாதியாக வெட்டிய பிறகு மிஞ்சியது காப்பி. ஏற்றுமதிக்கு வரி போட்டார்கள். வணிகர் அதைக் கொள்முதல் விலையில் கழித்தார். பாரம் மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்திருந்த குடியானவர் தலையில் இறங்கியது. காப்பி விலை விழுந்த ஆண்டுகளில் வருமானம் விழுந்தது, கடன் விழவில்லை.

1838-இல் மொத்த இழப்பீட்டை 9 கோடியாகக் குறைத்தார்கள். 1888 வரை கட்டினார்கள். அதையொட்டி வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது.

2003 ஏப்ரல் 7. அடிமைக் கிளர்ச்சியின் தலைவர் தூசான் லூவெர்த்தூர் பிரெஞ்சுச் சிறையில் இறந்து 200 ஆண்டு நிறைந்த நாள். ஹைதி அதிபர் அரிஸ்தீத் பிரான்ஸிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர், 48 சென்ட். சென்ட் வரை எழுதியது சரியே. கடன் பத்திரம் அப்படித்தான் எழுதப்படும். 2025 ஏப்ரல் 17 அன்று, ஆணையின் 200-ஆம் ஆண்டில், வரலாற்றாளர் குழு ஒன்றை அமைப்பதாக பிரான்ஸ் அறிவித்தது. பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் உறுதி எதுவும் இல்லை.