லிங்கனுக்குக் கிடைக்காத பதிவேடு

[காட்சி: மை மங்கிய பழைய கடிதம்]

1859-ஆம் ஆண்டு டிசம்பரில், வாழ்க்கைக் குறிப்பு கேட்ட நண்பருக்கு ஆபிரகாம் லிங்கன் சில பக்கங்கள் எழுதி அனுப்பினார். தம் பெயரையே கொண்ட பாட்டனார் 1781 அல்லது 82 வாக்கில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பகுதி) கென்டக்கிக்குக் குடிபெயர்ந்ததாகவும், ஓரிரு ஆண்டுகளில், காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது பூர்வகுடியினர் பதுங்கி வந்து அவரைக் கொன்றதாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஆவணங்களோடு பழகிய வழக்கறிஞருக்கே, சொந்தப் பாட்டனாரைப் பற்றி வீட்டில் கேட்ட கதைதான் மிஞ்சியிருந்தது.

[காட்சி: நில அளவைத் தாள், ஓடையின் வளைகோடு]

அந்தக் கதையை நிலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1780 மார்ச்சில் பாட்டனார் 160 பவுண்டு செலுத்தி 400 ஏக்கருக்கு உரிமைச் சீட்டு வாங்கியதும், 1785 மே மாதம் ஜெபர்சன் கவுண்டியில் லாங் ரன் ஓடையருகே அந்நிலம் அளக்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. அவற்றில் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார் போலும். 'லிங்கன்' என்று மட்டும் தேடுபவர் இந்த நானூறு ஏக்கரையும் தாண்டிப் போய்விடுவார். ஷாவ்னி முதலிய பூர்வகுடி மக்கள் வேட்டையாடி வந்த காட்டை வர்ஜீனியா அரசு உரிமைச் சீட்டு கொடுத்து விற்றது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கதையில் வரும் தாக்குதலுக்கு முன்கதை அதுதான்.

பாட்டனார் கொல்லப்பட்டது 1786-இல், அதாவது பேரன் நினைத்திருந்ததைவிட இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பிந்தி. மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் சேரும் என்ற வர்ஜீனியாவின் பழைய சட்டம் 1787 ஜனவரி முதல் நாளில்தான் மாறியது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. ஆகவே சொத்து மூத்தவர் மொர்டெக்காயிடம் போக, இளையவர் தாமஸ், அதாவது லிங்கனின் தந்தை, கூலி வேலைகளில் வளர்ந்தார்.

[காட்சி: கவுண்டி நீதிமன்றப் பேரேடு]

படைச் சேவையைத் தேடுபவர்கள் வழக்கமாக ஓய்வூதியக் கோப்புகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். பாட்டனார் ஊர்க்காவல் படையில் கேப்டனாக இருந்தவர். அத்தகையோருக்குப் பரவலாக ஓய்வூதியம் தந்த சட்டம் 1832-இல் வந்தபோது அவர் இறந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. போர்த்துறை அலுவலகத்தில் 1800 நவம்பரில் பற்றிய தீயில் அமெரிக்கப் புரட்சிப்போர்க் காலத் தாள்கள் பலவும் எரிந்துபோயின. எனவே, ஊர்க்காவல் படை அதிகாரிகளைப் பரிந்துரைத்த கவுண்டி நீதிமன்றத்தின் பேரேடுகளைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 1778-இல் அகஸ்டா கவுண்டியிலிருந்து ராக்கிங்ஹாம் பிரிக்கப்பட்டதால், ஒரே பண்ணையில் இருந்தவரை இரண்டு அலுவலகங்களில் தேட வேண்டியிருக்கிறது.

[காட்சி: நிலப்படத்தில் மேற்கே நகரும் கோடு]

பாட்டனாரின் மனைவி பாத்ஷீபா, கணவர் இறந்தபின் பிள்ளைகளோடு, பின்னாளில் வாஷிங்டன் கவுண்டியான பகுதிக்குப் போனார். தாமஸ் பிற்பாடு ஹார்டின் கவுண்டியில் குடியிருந்து, நில உரிமைத் தகராறுகள் பெரும்பாலும் காரணமாக 1816-இல் இண்டியானாவுக்கும், 1830-இல் இல்லினாய்ஸுக்கும் பெயர்ந்தார். லிங்கனின் பெற்றோரின் திருமணப் பதிவை ஹார்டினில் தேடியபோது அது கிடைக்கவில்லை. லிங்கன் இறந்து பல ஆண்டுகள் கழித்து, வாஷிங்டன் கவுண்டி நீதிமன்றத்தில் அது அகப்பட்டது: 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமண உறுதிப்பத்திரம், அடியில் தாமஸின் கையொப்பம்.