எண்ணெய்க் கை

நேயர்களுக்கு வணக்கம். தீபாவளி விடுமுறையை அலைச்சல் இல்லாமல், மனம் அலுக்காமல் கழிப்பது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மனநல மருத்துவர் இல்லை. 33 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தீபாவளியை நான் அதிகம் பார்த்தது அதற்கு மறுநாள், புறநோயாளிகள் வரிசையில்தான்.

பட்டாசுக் காயம் பட்டவர்கள் வருவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் யார் என்றால், மூன்று நாள் அடுப்படியில் நின்று இடுப்பு பிடித்துக்கொண்ட அம்மாக்கள், பேருந்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து கால் வீங்கிய பெரியவர்கள், "பண்டிகை அமளியில மாத்திரையை மறந்துட்டேன் சிஸ்டர்" என்று வந்து நிற்கும் ரத்தக்கொதிப்புக்காரர்கள். லீவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் நீளமாக ஒரு பட்டியல் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

எண்ணெய்க் குளியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு சிலவும் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இதை விட்டால் எனக்கு மனசு ஆறாது.

தீபாவளி விடியலில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? "கங்கா ஸ்நானம் ஆச்சா?" அதிரசம் எத்தனை சுட்டாய் என்று கேட்பதில்லை, புடவை என்ன விலை என்று கேட்பதில்லை. அதெல்லாம் பிறகு, ஒன்பது மணிக்கு மேல்! முதல் கேள்வி குளித்தாயா என்பதுதான். அந்தக் குளியலை இப்போது நாம் என்ன பாடு படுத்துகிறோம்? உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய், மேலே ரெண்டு சொம்பு தண்ணீர், ஷாம்பு, முடிந்தது.

எனக்குக் கல்யாணம் ஆன இரண்டாவது வருடம், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எனக்கு டியூட்டி. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். தெருவே புதுத்துணியில் மினுங்குகிறது. எனக்கோ உள்ளே போகவே பயம். எங்கள் வீட்டில் முறுக்கு இன்னும் சுடவில்லை. மாவு அரைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். வாசலிலேயே, "அத்தை, ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்து முறுக்கைப் பிழிஞ்சிடறேன்" என்றேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. பின்கட்டில் மணை போட்டிருந்தது. வெந்நீர் அண்டாவிலிருந்து ஆவி வருகிறது. கரண்டியில் நல்லெண்ணெய் காய்ச்சி, நாலு மிளகும் ஒரு வெற்றிலையும் போட்டு வைத்திருந்தார். "உட்காரு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் இருபது நிமிடம் என் தலையை விடவில்லை. உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால், தோள்பட்டை. நடுவில் இரண்டு தடவை, "முறுக்கு…" என்று ஆரம்பித்தேன். மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

முறுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது, எதிர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. மாவை மறுநாள் பிழிந்தோம். அதையும் சாப்பிட்டோம். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் மிளகும் வெற்றிலையும் என்ன செய்தன என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சூடு தசையை இளக்கியது. அடுத்தவர் கை தலையில் பட்டது. அதைவிட முக்கியம், உடம்பெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது உங்களிடம் யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். அடுப்பைத் தொட முடியாது, பீரோவைத் திறக்க முடியாது, புதுத்துணிப் பக்கம் போனால் திட்டுதான் விழும். வீட்டு வேலையிலிருந்து சட்டப்படி கிடைக்கிற விடுதலை அது ஒன்றுதான் என்று என் கூட்டாளி செவிலியர் ஒருத்தி சொல்வாள். இந்தக் காலத்துக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். கை எண்ணெயாக இருந்தால் கைபேசியை எடுக்க முடியாது! வாழ்த்துச் செய்தி நூறு வரட்டும், அண்ணன் வீட்டுப் பட்டுப்புடவைப் படம் வரட்டும். கை எண்ணெய். அரை மணி நேரம் அது அங்கேயே கிடந்து அதிரட்டும்.

ஆகவே அடுப்படி வேலையை எடுத்துப் போட்டுச் செய்கிறவரை முதலில் உட்கார வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர்தான் கடைசியாக, ஆறிப்போன வெந்நீரில் குளிக்கிறார். ஆண்பிள்ளைகள் கவனிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ மனைவிக்கோ நீங்கள் எண்ணெய் தேய்த்துவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

செவிலியர் புத்தி போகாது, ஆகவே எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் காலோடு பெரியவர்களைக் குளியலறைக்குள் நடக்க விடாதீர்கள். வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதத்தைத் துடைத்து, உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கைக்குழந்தைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பாட்டி காலத்திலிருந்து விடுகிறோம் என்பார்கள். பாட்டி சொன்னதில் மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, பலகாரம். ஒரு இனிப்பு, ஒரு காரம் போதும். மிச்சத்தைக் கடையில் வாங்கினால் குற்றமில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொண்டால் இடுப்புக்குப் பெரிய உபகாரம். முறுக்குப் பிழிகிற நாழியைப் பலமுள்ள பிள்ளைகள் கையில் கொடுங்கள். இன்னொன்று, தூக்கம் வருகிறதே என்று சாயங்காலம் ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டு வேலையைத் தொடர்வோம். அந்தக் காபியிலுள்ள கஃபீனில் ஏறக்குறையப் பாதி, ராத்திரி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். படுத்தால் கண் எரியும், தூக்கம் வராது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றது, இங்கே அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம் ஊர் அமைதியாக இருக்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அது வேறு விஷயம். இருந்தாலும் மத்தியானம் கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தில் டிவியின் சிறப்பு நிகழ்ச்சிகளை அணைத்துவிட்டு, பாயைப் போட்டுக் காலை நீட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். தூங்க வேண்டாம், சும்மா படுத்திருங்கள். கண் தானாக மூடினால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருந்து… அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பயணத்தை விட்டுவிடுகிறேன். பேருந்தில் மணிக்கொருதரம் கணுக்காலைச் சுழற்றுங்கள், மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள், அவ்வளவுதான்.

மூச்சுப் பயிற்சிக்கு நாலு பக்கம் எழுதி வந்திருந்தேன். ஒரே ஒரு வரி மட்டும். இப்போதே என்னோடு செய்யுங்கள். வலது கையின் மூன்று விரலை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? மெல்ல அழுத்துங்கள், அகப்படும். நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். விடும்போது துடிப்பு கொஞ்சம் நிதானமாகும். இளவயதுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மாவு பிசைந்து முடித்தபின், சம்பந்தி வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பத்து தடவை.

விளக்கு சிவப்பாகிவிட்டது. தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது அடுப்பைச் சின்னதாக வையுங்கள், புகைந்தால் எண்ணெய் கெட்டுப்போகும். வணக்கம்.