மறுபடியும் முதல் பாடத்திலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மறுபடியும் மாணவராகச் சேர எத்தனை பேருக்கு மனம் வரும்? 1952இல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வந்தது. 1976இல் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவரானார். மனம் உயிரியலில் இருந்தது. குடும்பஸ்தராகிவிட்ட நிலையிலும், சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வு மாணவராகச் சேர்ந்து அடிப்படைப் பாடங்களைப் படித்தார். இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்துக்கு ரைபோசோம் ஆய்வுக்குப் போய்விட்டார்.

உயிரணுவில் புரதத்தைக் கட்டித் தருவது ரைபோசோம். அதன் பாகங்கள் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்று பார்க்க யேலில் பயன்பட்டது நியூட்ரான் சிதறல், அதாவது இயற்பியலாரின் கருவி. பிறகு, படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கு மாறினார். 2000இல் அவர் குழு ரைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை அணு அணுவாக வெளியிட்டது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதும் தெரிந்தது. 2009இல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது அவரும் ஒருவர். பரிசு வேதியியலுக்கு!

எல்லோரும் அந்தப் பரிசைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. நம் ஆய்வு மாணவர்களுக்கு அந்த அவகாசத்தை நாம் தருவதில்லை.

இயற்பியல் முதுநிலை முடித்த ஒரு மாணவி என்னிடம் வந்தார். பழங்கால இரும்பு உலைகளின் கசடை, அதாவது இரும்பைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கழிவை, ஆராய விரும்பினார். கசடில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் உலைக்குக் காற்று செலுத்தும் ஊதுகுழாயின் துண்டு இருந்ததா என்பதை அகழாய்வுக் குழியில் இறங்கியவர்தான் சொல்ல முடியும். முதல் ஆண்டு முழுவதும் அவர் அதைக் கற்றார். ஆய்வுக் குழுவோ 'முன்னேற்றம் போதாது' என்று எழுதியது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

இந்த வழியில் வர நினைக்கும் இளையோருக்கு இரண்டு சொற்கள். புதிய துறையிலிருந்து வழிகாட்டும் இணை நெறியாளரைக் கையெழுத்துக்காகத் தேடாதீர்கள். முதல் மாதத்திலேயே அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டம் எந்தப் பாடம் என்று கேட்பார்கள். அதை விசாரித்து அறிந்துகொண்டே இறங்குங்கள்.

அந்த மாணவி விலகவில்லை. இரண்டாம் ஆண்டு, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த கசடுத் துண்டுகளில் பாதியை ஒதுக்கிவைத்தார். எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற குறிப்பு அவற்றில் இல்லை. பிறகு தாமே குழியில் இறங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஆழத்தை அளந்து எழுதி உறையிலிட்டார்.