ஒரு சண்டைக்குள் மூன்று சண்டை

வணக்கம் நேயர்களே. அறிவியலும் அரசியலும் கலந்த எந்த விவாதத்தை எடுத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஒரு கட்டம் வந்துவிடும், கவனித்திருப்பீர்கள். ஒருவர் “இதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்பார். மற்றவர் ஆதாரத்தைத் தேடப் போகமாட்டார், “ஓகோ, என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்களா, எனக்குக் கருத்துச் சுதந்திரம் இல்லையா?” என்று எகிறுவார். உடனே முதலாமவருக்கும் சூடு ஏறிவிடும். “அறிவியல் சொல்லியாகிவிட்டது, இனிப் பேசாதே” என்பார். அப்புறம் என்ன, தடுப்பூசியோ பருவநிலையோ அணு உலையோ, எதை வைத்து ஆரம்பித்தார்களோ அது அநாதையாகக் கிடக்கும். இருவரும் வேறெங்கோ போய்க் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள்.

அங்கே நடப்பது ஒரு சண்டை இல்லை, மூன்று சண்டை என்பதுதான் என் கட்சி. இது உண்மையா என்பது ஒன்று. உண்மை என்றால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இதைச் சொல்ல விடலாமா கூடாதா என்பது மூன்றாவது. முதலாவதில் தோற்கிறவர் மூன்றாவதுக்குத் தாவுகிறார், இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் இரண்டாவதில் எதிர்ப்பு வரும் என்று பயப்படுகிற அதிகாரி முதலாவதின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாரே, “நான் முடிவு செய்யவில்லை, அறிவியல் முடிவு செய்துவிட்டது” என்கிறாரே, அதை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதன் மேல்தான் கோபம் அதிகம்.

மூன்றும் ஒரே ஊரில், சில நாட்களுக்குள் சிக்கிக்கொண்ட கதை ஒன்று உண்டு. இத்தாலியின் நடுவில், மலைகளுக்கு இடையே லாக்விலா என்ற பழைய நகரம். 2009 தொடக்கத்தில் அங்கே சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்தபடி இருந்தன. ஜாம்பாவ்லோ ஜூலியானி என்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து, பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று சொல்லத் தொடங்கினார். மார்ச் கடைசியில் வரும் என்று அவர் சொன்னது சுல்மோனா என்ற ஊருக்கு, அது லாக்விலாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சொன்ன நாளில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வீண் பீதியைக் கிளப்புகிறார் என்று அதிகாரிகள் அவர் மேல் புகார் கொடுத்து, இணையத்தில் போட்டிருந்ததையும் எடுக்க வைத்தார்கள்.

மார்ச் 30 அன்று கொஞ்சம் பலமாகவே, 4-க்குச் சற்று மேலான அளவில், ஓர் அதிர்வு. மறுநாளே தேசிய அபாய மதிப்பீட்டுக் குழு லாக்விலாவில் கூடியது. பெரிய பெரிய நிலநடுக்க அறிஞர்கள் வந்திருந்தார்கள், ஒரு மணி நேரம் போலப் பேசினார்கள். ஆனால் மக்கள் காதுக்குப் போனது அந்தப் பேச்சு இல்லை. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சிக்கு ஒரு பேட்டி கொடுத்துவிட்டார். ஆபத்து இல்லை என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள், சின்ன அதிர்வுகளாக ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் நிலைமை சாதகம்தான் என்றார். அப்படியானால் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று நிருபர் கேட்க, அவரும் ஆமாம் என்று சொல்லி, எந்த ஒயின் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் இன்னும் தப்பாகப் போடுகிற கணக்கு. நிலநடுக்க அளவு ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஏறும், இரண்டு எண் ஏறினால் ஏறக்குறைய 1000 மடங்கு. ஒரு 6-க்குச் சமமான ஆற்றலை 4-களாக வெளியேற்ற வேண்டுமானால் ஆயிரம் 4 வரவேண்டும். சில மாதம் சின்னதாக ஆடியதால் பூமி களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்பது அறிவியலே இல்லை. அறிவியல் சொன்னதாகச் சொல்லப்பட்ட ஒன்று, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, அதிகாலை 3:32. அளவு 6.3. இறந்தவர்கள் 309 பேர்.

அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம், நிலம் ஆடினால் வீட்டை விட்டு வெளியே போய்த் திறந்தவெளியில் இரவைக் கழிப்பது. அன்றிரவும் பெரிய அதிர்வுக்கு முன்னால் சின்னதாக இரண்டு முறை ஆடியது. தொலைக்காட்சியில் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று இறந்தவர்களின் உறவினர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள்.

வழக்கு வந்தது. ஆறு அறிவியலாளர்கள், பேட்டி கொடுத்த அந்தத் துணைத் தலைவர், ஆக ஏழு பேருக்கும் 2012 அக்டோபரில் ஆளுக்கு ஆறு ஆண்டு சிறை என்று தீர்ப்பு. உலகம் பொங்கி எழுந்தது. “நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று விஞ்ஞானிகளை ஜெயிலில் போடுகிறார்கள்” என்று ஊர் ஊராகப் பேச்சு. தீர்ப்புக்கு முன்பே, 2010-இல், 5000-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இத்தாலியின் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஆனால் குற்றச்சாட்டு அது இல்லையே! யாரும் அவர்களைக் கணிக்கச் சொல்லவில்லை. அரைகுறையான, முன்னுக்குப் பின் முரணான தகவலைக் கொடுத்து மக்களின் எச்சரிக்கை உணர்வைத் தூங்க வைத்தார்கள் என்பதுதான் வழக்கு. 2014 நவம்பரில் மேல்முறையீட்டில் ஆறு அறிவியலாளர்களும் விடுதலை, அதிகாரிக்கு மட்டும் தண்டனை இரண்டு ஆண்டாகக் குறைந்தது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விடுதலை சரி என்றே நினைக்கிறேன். அறிவியலாளர் ஒரு கூட்டத்தில் சொன்ன கருத்துக்குச் சிறை என்றால், அடுத்த கூட்டத்துக்கு வாய் திறக்கிறவர் யாரும் வரமாட்டார். ஆனாலும் “அறிவியல் மீது தாக்குதல்” என்று கொடி பிடித்தவர்களில் எத்தனை பேர் குற்றப்பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார்கள்?

சரி, ஜூலியானிக்கு வருவோம். அவர் சொன்னதுதான் நடந்தது, அவரை வாயடைத்ததால்தான் இத்தனை சாவு என்று இன்றும் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் உண்டு. மன்னிக்க வேண்டும், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவர் சொன்ன ஊர் வேறு, நாளும் வேறு. ரேடானை வைத்து நிலநடுக்கத்தை நம்பகமாகக் கணிக்கும் முறை இன்றுவரை இல்லை. அவர் பேச்சைக் கேட்டு சுல்மோனாவை விட்டு ஓடியவர் யாராவது லாக்விலாவில் போய்த் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இருந்தாலும் அவரை அடக்கியது தப்பு. அவர் சொன்னது சரி என்பதால் இல்லை, அடக்கப் போனவர்கள் அதனால் என்ன ஆனார்கள் என்பதால். அந்தக் கூட்டமே ஓர் ஊடக ஏற்பாடுதான் என்ற பொருளில் குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் தலைவர் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு பின்னால் வெளியே வந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஜூலியானிக்கு ஒரு மறுப்பு. உண்மையில் சொல்லியிருக்க வேண்டியது மூன்று வரி: “எங்களால் கணிக்க முடியாது. பெரிய அதிர்வு வரும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் வழக்கத்தைவிடக் கூடுதல். பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் உங்கள் பழைய வழக்கத்தை விடாதீர்கள்.” இந்த மூன்று வரியைச் சொன்னால் ஜூலியானிக்கு இடம் கொடுத்தது போல ஆகிவிடுமே! அதனால் உண்மை வெளியே வரவில்லை, ஒயின் வந்தது. ஒரு தவறான குரலை அடக்குகிற வேகத்தில் அதிகாரம் தன் பங்குக்கு ஒரு தவற்றை உற்பத்தி செய்து, அதன் மேல் அறிவியல் என்று முத்திரையும் குத்திவிட்டது.

இதே நோய் பெருந்தொற்றின்போது உலக அளவில் வந்தது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவது இல்லை என்று அடித்துச் சொல்லி, உண்மை என்று தலைப்பும் போட்டு, ஒரு பதிவு வெளியிட்டது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. நிறுவனம் படிப்படியாகத்தான் இறங்கி வந்தது. நடுவில் எத்தனை கட்டடங்களில் ஜன்னலைத் திறக்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்! அப்போது “போதிய தரவு இல்லை” என்று சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அப்புறம் ஃபேஸ்புக், வைரஸ் மனிதனால் உருவாக்கப்பட்டது என்ற கூற்றை 2021 பிப்ரவரியில் நீக்கவேண்டிய பொய்களின் பட்டியலில் சேர்த்தது, மே மாதம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அந்தக் கூற்று மெய் என்று நான் வாதாட வரவில்லை, என் கேள்வி வேறு. மூன்று மாதத்தில் மாறப்போகிற ஒரு முடிவுக்கு எதற்கு அவ்வளவு நிச்சயம்? தடை போட்டதும் எடுத்ததும் சேர்ந்து, எந்த ஆதாரமும் கொடுத்திருக்க முடியாத ஒரு மவுசை அந்தக் கூற்றுக்குக் கொடுத்துவிட்டன.

இதையெல்லாம் கேட்டு, “பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்” என்று சட்டைக் கையை மடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையின் முதன்மை ஆசிரியர். ஆய்வில் இருந்த குழந்தைகள் மொத்தம் 12 பேர். 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. மாற்றுக் கருத்து சொன்னதற்காகப் பழிவாங்கிவிட்டார்கள் என்று அவர் ஆதரவாளர்கள் இன்றும் பாடுகிற பல்லவி. உண்மையில் அவர் மேல் நிரூபணமானது நடத்தை சார்ந்த குற்றங்கள். உரிய அனுமதி இல்லாமல் குழந்தைகளுக்குத் தேவையற்ற பரிசோதனைகள் செய்தது, தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வழக்கறிஞரிடமிருந்து வந்த பணத்தை மறைத்தது, இந்த மாதிரி. இன்னொன்றும் கேளுங்கள். இதைத் தோண்டி எடுத்த பத்திரிகையாளர் பிரையன் டீர் மீதும், அதை ஒளிபரப்பிய தொலைக்காட்சி மீதும் 2005-இல் அவதூறு வழக்குப் போட்டது யார்? இதே வேக்ஃபீல்டுதான். பிறகு அவரே வழக்கைக் கைவிட்டார். கருத்துச் சுதந்திரம் தன் வாய்க்கு மட்டும், எதிராளி வாய்க்கு வக்கீல் நோட்டீஸ்!

வாயடைப்பு என்றதும் நமக்கு அரசாங்கம்தான் ஞாபகம் வருகிறது, பணத்தால் அடைப்பதும் உண்டு. எலும்பை நெம்பிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் என்ற வைத்தியத்தைக் குழந்தைகளின் வயிற்றுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் சிபாரிசு செய்கிறார்கள், ஆதாரமே இல்லை என்று சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008-இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழில் எழுதினார். அந்த வைத்தியர்களின் சங்கம் பதில் கட்டுரை எழுத இடம் இருந்தும், வழக்கைத் தேர்ந்தெடுத்தது, அதுவும் தனிப்பட்ட முறையில் அவர் மேல். ஓரிரு வரிகளுக்காக மனிதர் இரண்டு வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கினார். 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவியல் சர்ச்சையை அறிவியல் முறையில்தான் தீர்க்கவேண்டும், வழக்குப் போட்டு இல்லை என்ற கருத்தோடு அவர் பக்கம் நின்றது, சங்கமும் பின்வாங்கியது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013-இல் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கு கிளப்பிய இயக்கம் ஒரு முக்கியக் காரணம். ஆதாரம் கேட்டவர் ஒருவர், வழக்குப் போட்டது இன்னொருவர். இவர்களில் யார் கருத்துச் சுதந்திரத்தின் எதிரி என்று நானும் சொல்ல வேண்டுமா?

மரபியலை மறுத்து, ஸ்டாலின் ஆதரவோடு கோலோச்சிய சோவியத் வேளாண் ஆய்வாளர் லைசென்கோவைப் பற்றிச் சொல்லாமல் போனால் சிலர் விடமாட்டார்கள், பெரும்பான்மை அறிவியல் கருத்தை எதிர்க்கிற எல்லோரும் அவர் கதையை இழுப்பார்கள். சரி, சொல்லிவிடுகிறேன். சோவியத் நாட்டில் 1948-இல் மரபியலையே முடக்கினார்கள், லைசென்கோவின் உரையை ஸ்டாலினே திருத்திக் கொடுத்தார். அதற்கும் முன்பே, 1940-இல், உலகெங்கும் விதை சேகரித்த மரபியலாளர் வவிலோவைக் கைது செய்தார்கள், 1943-இல் அவர் சிறையில் இறந்துபோனார். அங்கே நடந்தது அதுதான், சிறை. உங்கள் கட்டுரையை ஓர் இதழ் நிராகரிப்பதும், நான்கு பேர் கேலி செய்வதும், “இது தப்பு, இன்ன பக்கத்தில் இன்ன கணக்கு உதைக்கிறது” என்று ஒருவர் எழுதுவதும் அது இல்லை. கேலி வலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வவிலோவின் பெயரைக் கடன் வாங்காதீர்கள்.

முடிப்பதற்கு முன், எனக்கு அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. “தைரியம் இருந்தால் மேடைக்கு வந்து விவாதிக்கட்டும், ஏன் ஓடி ஒளிகிறார்கள்?” என்று ஆய்வாளர்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். மேடையில் ஒரு நிமிடத்தில் எட்டுப் புளுகு சொல்லலாம், ஒவ்வொன்றையும் பிரித்து விளக்க அரை மணி நேரம் வேண்டும். மேடையில் ஜெயிப்பது நாக்கு. 1950-களில் சிகரெட் கம்பெனிகள் கேட்டதும் இதே மேடையைத்தான், “இரண்டு தரப்பையும் கேளுங்கள்” என்றார்கள். 1969-இல் அவற்றில் ஒரு கம்பெனியின் உள் குறிப்பில், சந்தேகம்தான் நம் சரக்கு என்றே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் மேடைக்கு வராத ஆய்வாளரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். அவர் தன் தரவைப் பூட்டி வைத்துக்கொண்டு கேட்டவருக்குத் தரமறுத்தால் அப்போது சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன். அதுவரை, அவர் எழுதியது பொதுவில்தான் இருக்கிறது, குறை கண்டால் எழுதுங்கள், யாரும் உங்கள் கையைப் பிடிக்கப் போவதில்லை. வணக்கம்.