சைக்கிள் தோளில் ஏறும் பந்தயம்

எல்லோருக்கும் வணக்கம்.

சைக்ளோ-கிராஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் புல், சேறு, மணல் எல்லாம் கலந்த ஒரு சிறிய சுற்றுப்பாதையில் நடக்கிற பந்தயம். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது. வழியில் 40 சென்டிமீட்டர் உயரப் பலகை நிற்கும். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, அதைத் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். மேடு செங்குத்தாக இருந்தால் வண்டி தோளுக்குப் போய்விடும். ஆள் சைக்கிளில் போவது பாதி, சைக்கிள் ஆள்மேல் போவது மீதி!

இந்த விளையாட்டில் பிரான்ஸ் ஒரு காலத்தில் ராஜா. 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர் ழான் ரோபிக். 1947இல் புகழ்பெற்ற சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்ற அதே மனிதர்தான். அடுத்து ரோஜே ரோந்தோ மூன்று முறை, ஆந்த்ரே துஃப்ரேஸ் ஐந்து முறை என்று 1958 வரை ஒன்பது பட்டமும் பிரான்ஸுக்கே. அப்புறம் ஆண்களின் முதன்மைப் பிரிவில் 1993இல் டொமினிக் ஆர்னூ வெல்கிற வரை ஒன்றுமே இல்லை.

நான் பேச வந்தது பொலின் ஃபெரான்-ப்ரேவோவைப் பற்றி. பிரான்ஸின் ரேன்ஸ் நகரில் 1992இல் பிறந்த சைக்கிள் வீராங்கனை.

2014 செப்டம்பர், ஸ்பெயினில் போன்ஃபெராடா. சாலைப் பந்தய உலகப் போட்டி. முன்னால் நான்கு பேர் தப்பித்துப் போய்விட்டார்கள். அதில் பொலின் இல்லை. முடிவுக்கோடு நெருங்கும்போது அந்த நால்வரும் 'நீ முதலில் போ' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்த கூட்டம் அவர்களைப் பிடித்துவிட்டது. அந்தக் கூட்டத்திலிருந்து பாய்ந்து வென்றவர் பொலின். அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். சரி, அதிர்ஷ்டமும்தான். ஆனால் அது வருகிற நேரத்தில் காலில் பலம் மிச்சம் இருக்க வேண்டுமே!

நான்கு மாதம் கழித்து, செக் குடியரசின் தாபோரில் சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டி. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றிருந்த மரியான் வோஸ் களத்தில் இருக்கிறார். பொலினின் சொந்த அணித் தோழி. பந்தயம் கடைசி ஓட்டம் வரை போனது. வென்றவர் பொலின். பெல்ஜியத்தின் சானே கான்ட் இரண்டாவது, வோஸ் மூன்றாவது. பொலினுக்கு அப்போது 22 வயது. அதே 2015 செப்டம்பரில் ஆந்தோராவில் மலைச் சைக்கிள் பட்டமும் வந்தது. சாலை, சேறு, மலை மூன்றிலும் ஒரே சமயத்தில் உலக சாம்பியனாக இருந்தவர் அதுவரை ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

உலக சாம்பியன் அணிகிற ஜெர்சி மூன்றையும் வாங்கிய இந்தக் கதையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தைப் பாதியில் விட்டார். விளையாட்டையே விட்டுவிடலாமா என்ற யோசனை. இடுப்பிலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி சுருங்கியிருந்தது. குனிந்து உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் மிதிக்கிறவர்களுக்கு வருகிற கோளாறு இது. முழு வேகத்தில் மிதிக்கும்போது கால் மரத்துவிடும். இறங்கி ஓய்வெடுத்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். பக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? 2019 ஜனவரியில் அறுவை சிகிச்சை. அதே ஆண்டு மலைச் சைக்கிள் உலகப் பட்டம் மறுபடி அவர் கையில்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக். எலான்கூர் குன்றில் இரண்டாவது வந்தவரைவிட ஏறக்குறைய மூன்று நிமிடம் முன்னால் வந்து தங்கம் வாங்கினார். அதோடு ஓய்வு பெற்றிருக்கலாம். சாலைக்குத் திரும்பினார். 2025 ஏப்ரலில், கருங்கல் பாவிய பாதையில் நடக்கிற பாரிஸ்-ரூபே பந்தயத்தில் தனியாக மைதானத்துக்குள் நுழைந்து வென்றார். ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ். மதலேன் மலையில், முன்னிலையில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சி கிடைத்தது. மறுநாள்தான் கடைசி நாள். முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் பத்திரமாக வந்தால் போதும். ஷாட்டெலில் அன்றைய கட்டத்தையும் தனியாகப் போய் வென்றுவிட்டுத்தான் இறங்கினார்.